வெட்டவெளி வாரியமும் இரண்டு டென்ட்டும்

என் அக்காவும் அத்தானும் ஒரே கட்டிலில்தான் தூங்குகிறார்கள். ஆனால் சேர்ந்து தூங்குவதில்லை. அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி நர்ஸ். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸ்காரர்கள் வருவதற்குள் லிஃப்டுகள் ஓட வேண்டும் என்பதால் விடியுமுன் கிளம்பிவிடுவார். அவர் எழுந்து போன பிறகு அவள் வந்து படுப்பாள். அவள் எழுந்து போன பிறகு அவர் வந்து படுப்பார். அந்த வீட்டில் கட்டிலுக்குத்தான் ஓய்வே கிடையாது. குடும்பம் நடத்துகிறீர்களா, ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறீர்களா என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தக் கேலியைச் செய்ததில்லை.

அப்படிப்பட்ட இருவருக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே நேரத்தில் லீவு கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி கிடைத்தது. இனி ஒருமுறை இப்படி அமையும் என்று இருவருமே நம்பவில்லை. ஏரிக்கரைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாம் என்றாள் அக்கா. வீட்டில் இருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், இல்லையென்றால் எவனாவது லிஃப்டில் மாட்டிக்கொள்வான்.

"நாள் பூரா ஏரியைச் சுத்தி நடப்போம்டா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி களைச்சுப் போவோம். அப்ப ஒரே நேரத்துல தூக்கம் வந்துதானே ஆகணும்" என்றாள் என்னிடம்.

கல்யாணமானவர்கள் இப்படியெல்லாம் திட்டம் போட வேண்டியிருக்கிறது. நான் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். கடை வேன் என் கையில் இருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கொண்டுபோய் விட வேண்டும், பிறகு கூட்டிவர வேண்டும். என் பங்கு அவ்வளவுதான்.

டென்ட் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று காற்றடிக்கிற டென்ட். பம்ப்பை வைத்து அடித்தால் நாலு மூலையிலும் குழாய்கள் உப்பி, தானாக எழுந்து நிற்கும். இன்னொன்று கம்பு டென்ட். கம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, துணிக்குள் விட்டு, வளைத்து, நிமிர்த்தி, முளையடித்துக் கயிறு கட்ட வேண்டும்.

"காத்து டென்ட் நிமிஷத்துல நிக்கும். ஆனா கனம், முள்ளு குத்தினா போச்சு. கம்பு டென்ட் லேசு, வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா ரெண்டு பேர் சேர்ந்து போடணும். போட்டு முடிச்சப்புறமும் பேசிக்கிட்டிருக்கிற புருஷன் பெண்டாட்டியை நான் இன்னும் பாக்கல" என்றார் கடைக்காரர்.

"காத்துதான்" என்றாள் அக்கா. "லீவுல வந்து கம்பு தூக்க என்னால ஆகாது."

"காத்தை நம்பி எப்படி உள்ள படுக்கிறது?" என்றார் அத்தான். "எதையாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணும், இல்ல எதையாவது ஒண்ணை ஊனிக்கிட்டு நிக்கணும். சும்மா உப்பிக்கிட்டு நிக்கிறதை நான் நம்ப மாட்டேன்."

கடைக்காரர் வியாபாரம் தெரிந்தவர். இரண்டையும் எடுத்துப் போங்கள், பிடிக்காததைத் திருப்பிக் கொடுங்கள் என்று வேனில் ஏற்றிவிட்டார். போகிற வழியில் வாரியத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அவர்களுக்கு எல்லாம் தெரியும், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நல்ல மனுஷன்தான். இப்போதும் எதிரில் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

வெட்டவெளித் தங்கல் வாரியம் ஆறு மாடிக் கட்டடம். வெட்டவெளியில் தங்க விரும்பும் பொதுமக்களுக்கு உதவுவதற்காக ஏற்படுத்தப்பட்டது என்று வாசலில் கல்வெட்டு இருக்கிறது. உள்ளே கூட்டம் இல்லாததைப் பார்த்து, பத்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தோம். அக்கா தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் அத்தானும் உள்ளே போனோம்.

விசாரணை மேசையில் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள். "காத்தா, கம்பா?"

ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பியிருப்பாள். அந்தந்தப் பிரிவு மறுத்திருக்கும். நாங்களும் வாரியத்தைத் திட்டிவிட்டு, சொந்தக்காரர் தோட்டம் எதிலாவது டென்ட் போட்டிருப்போம். அத்தான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார்.

"அதாம்மா தெரியல. எது நல்லது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன கேட்டீங்க?"

"எது நல்லதுன்னு கேட்டேன்."

"கருத்து கேக்கறீங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

அவள் எழுந்து உள்ளே ஓடினாள். அனுமதி கேட்டு வருகிறவர்களைத்தான் அந்த வாரியம் பார்த்திருக்கிறது. கருத்து கேட்டு யாரும் வந்ததில்லை. அனுமதி என்றால் இல்லை என்று சொல்லி முடித்துவிடலாம். கருத்து என்றால் வாரியத்துக்கு ஒரு கருத்து இருக்க வேண்டும். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி மேசையில் வைத்துப் பூட்டினாள். பின்னாலேயே வந்த இரண்டு பேர் வேனிலிருந்து டென்ட் இரண்டையும் இறக்கி, அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள்.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"சான்றுப் பொருள்" என்றார் ஒருவர்.

கடைக்காரரின் டென்ட்டுகள் அவை. விட்டுவிட்டு ஓடவும் வழியில்லாமல் போயிற்று.

முதலில் காற்றுப் பிரிவு. அந்தப் பிரிவின் அலுவலர் ஒரு அம்மையார். எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, அன்பாகவே பேசினார்.

"என்னைக் கேட்டா காத்து டென்ட் மாதிரி உலகத்துல எதுவும் கிடையாது. அவ்வளவு வசதி, அவ்வளவு பாதுகாப்பு. அதனாலதான் அதுக்கு நாங்க அனுமதி குடுக்கறதில்ல."

அத்தான் டீயை விழுங்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

"பாருங்க சார், காத்தடிச்சு உப்பின ஒரு பொருள் தண்ணி பக்கத்துல இருந்தா அது என்ன? படகு. அப்ப உள்ள இருக்கிற எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருக்கணும். ஒருத்தருக்குப் படகு ஓட்டுற உரிமம் இருக்கணும்."

"மேடம், நாங்க அதுல தூங்கத்தான் போறோம்."

"படகு ஓட்டுறவர் தூங்கலாமா சார்? நீங்களே சொல்லுங்க."

கம்புப் பிரிவு அதே தாழ்வாரத்தின் அடுத்த முனையில் இருந்தது. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தாழ்வாரத்தில் பொதுவாக ஒரு மின்விசிறி உண்டு. அதைக் காற்றுப் பிரிவு போடும், கம்புப் பிரிவு வந்து நிறுத்தும். இதற்கென்று இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதவி உயர்வும் உண்டாம்.

கம்புப் பிரிவு அலுவலர் ஒல்லியான, நெட்டையான மனிதர். எங்களைப் பார்த்ததும், "அந்தம்மா படகுன்னு சொல்லியிருக்குமே" என்று சிரித்தார். பிறகு முகம் இறுகியது. "எங்ககிட்ட அந்தக் கூத்தெல்லாம் கிடையாது. கம்பு டென்ட்ல என்ன இருக்கு? கம்பு. கம்புன்னா தூண். தூண் இருந்தா அது கட்டடம். எத்தனை மாடி?"

"மாடியெல்லாம் இல்லீங்க."

"அப்ப மாடி இல்லைன்னு ஒரு சான்று வேணும். எத்தனை வாசல்?"

"ஒண்ணுதாங்க. ஜிப்பு வச்சது."

"தீப்பிடிச்சா எப்படி வெளியில வருவீங்க?"

"அந்த வாசல் வழியா."

"வாசல்லயே தீப்பிடிச்சா?"

அத்தானுக்கு வேர்த்துக் கொட்டியது. வாழ்நாள் முழுவதும் லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே இழுத்துவிட்ட மனிதர் அவர். ஒரு துணிப்பைக்குள்ளிருந்து எப்படித் தப்பிப்பது என்று தெரியாமல் அங்கே நின்றார்.

"சார், ஏரிக்கரையில ரெண்டு ராத்திரி தூங்கணும். அவ்வளவுதான்" என்றேன் நான்.

"அதுக்கு அனுமதி மனு போட்டிருக்கணும் தம்பி. நீங்க போட்டது கருத்து மனு. கருத்து குடுக்காம உங்களை விட்டா வாரியத்துக்கு அவமானம்."

வெள்ளிக்கிழமை அப்படிப் போயிற்று. வீட்டுக்குத் திரும்பினோம். அன்று ராத்திரி அத்தான் பழக்க தோஷத்தில் படுத்ததும் தூங்கிவிட்டார். அக்கா பழக்க தோஷத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, அடுக்களையில் இருந்த டப்பாக்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாளாம். விடிகிற நேரத்தில் அவளுக்குக் கண்ணை இழுத்தது. அத்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை வாரியம் சிறப்பு அமர்வாகக் கூடியது. லீவு நாளில் எதற்குக் கூடியது என்றால், ஆண்டு முடியப் போகிறது, கூட்ட வேண்டிய கூட்டங்களை அதுவரை அவர்கள் கூட்டவில்லை. விஷயம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் மனு வெல்லக்கட்டியாக வந்து விழுந்தது. முடித்துவிட்டு அப்படியே ஏரிக்குப் போய்விடலாம், ஒரு ராத்திரியாவது மிச்சம் என்று அக்காவும் உள்ளே வந்தாள். தலையணையையும் கொண்டு வந்தாள்.

வாரியத்தின் இயக்குநர் விளிம்பு அகலமான தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், கழுத்தில் விசில் சகிதம் மேடையேறினார். தொப்பியில் விலைச்சீட்டு தொங்கியது. அவர் பேசியதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"நான் பொறுப்பேத்ததுக்கு அப்புறம் ஏரிக்கரையில ஒரு விபத்து உண்டா? ஒரு பாம்புக்கடி உண்டா? ஒரு காகிதக் குப்பை உண்டா? கிடையாது. எப்படி முடிஞ்சுது? ஒருத்தரையும் உள்ள விடல. சில பேர் கேக்கறாங்க, தங்க வைக்கிறதுக்குத்தானே வாரியம்னு. தங்க வச்சா யார் வேணா வாரியம் நடத்தலாம். ஒருத்தரையும் தங்க வைக்காம வாரியம் நடத்துறதுக்குத்தான் திறமை வேணும். எனக்கு இயற்கைன்னா உயிர். அதனாலதான் நான் அது பக்கத்துலயே போறதில்ல. இன்னைக்கு ஒரு குடிமகன் நம்மகிட்ட கருத்து கேட்டிருக்கார். நம்மகிட்ட இருக்கான்னு தேடிப் பாக்கப் போறோம்."

கைதட்டினார்கள். அக்கா தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டாவியா, அழுகையா என்று தெரியவில்லை.

பிறகு கூட்ட அரங்கின் கம்பளத்தின் மேல் இரண்டு டென்ட்டையும் நிறுத்தினார்கள். காற்று டென்ட்டை நிறுத்த இரண்டு பேர் போதும். ஆனால் பம்ப்பை யார் அழுத்துவது, யார் மேற்பார்வை செய்வது, மேற்பார்வையை யார் குறித்துக்கொள்வது என்று வரிசை நீண்டது. கம்பு டென்ட்டை நிறுத்தும்போது ஒரு கம்பு நழுவி இயக்குநரின் தொப்பியைத் தட்டிவிட்டது. முளையடிக்கக் கம்பளத்தைத் துளைக்க அனுமதி இல்லாததால், கயிறுகளை நாலு மூலையிலும் நாலு எழுத்தர்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய அன்றைய வேலை அதுதான்.

காற்றுச் சோதனைக்குத் தாழ்வாரத்து மின்விசிறி வந்தது. மழைச் சோதனைக்குப் பூவாளி வந்தது. விலங்குச் சோதனைக்கு வயதான ஒரு கடைநிலை உதவியாளர் வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கையை ஊன்றி மண்டியிட்டார்.

"இவர் யாருங்க?" என்று கேட்டார் அத்தான்.

"காட்டுப்பன்றி, பொறுப்பு" என்றார் கம்புப் பிரிவு அலுவலர். "நிரந்தரப் பன்றிப் பணியிடம் ரொம்ப நாளா காலியாவே இருக்கு. இவர் கூடுதலாப் பாக்கறார்."

உதவியாளர் கம்பு டென்ட்டை ஒருமுறை முகர்ந்தார். காற்று டென்ட்டை ஒருமுறை முகர்ந்தார். இரண்டையும் பார்த்துச் சங்கடமாக ஒரு உறுமல் உறுமினார். பிறகு அக்கா காலடியில் வந்து, "தண்ணி இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா பாட்டிலை நீட்டினாள். பன்றி சோதனைக்கு நடுவில் மனுதாரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததால் சோதனை செல்லாது என்றார் காற்றுப் பிரிவு அம்மையார். அந்தத் தண்ணீரே மனுதாரரின் உணவுப் பொருள், உணவுப் பொருளைத் தேடி விலங்கு வருவது இயல்பு, ஆகவே சோதனை செல்லும் என்றார் கம்புப் பிரிவு அலுவலர். இதைப் பேசி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"அப்ப நாங்க ஏரிக்குக் கிளம்பலாங்களா?" என்றார் அத்தான்.

"எப்படி? முக்கியமானதே பாக்கி இருக்கே" என்றார் இயக்குநர். "தூக்கச் சோதனை. நாளைக்கு வச்சுக்கலாம். அதுக்கு முன்னால நீங்க ரெண்டு பேரும் உங்க உங்க தூக்க வரலாற்றைத் தனித்தனியா எழுதிக் கொண்டு வரணும். குழந்தைப் பருவத்துலேருந்து."

அத்தான் சாதுவானவர். எழுதச் சொன்னால் எழுதிவிடுவார். அன்று ராத்திரி இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, விடியும்வரை எப்போதெல்லாம் எப்படியெல்லாம் தூங்கினோம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தூக்கத்தைப் பற்றி எழுதியே அவர்கள் ஒரு பொட்டுத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை ஏற்றிக்கொள்ளப் போனபோது அக்காவின் கண்ணுக்குக் கீழே மை பூசினது போல இருந்தது. அத்தான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இன்று போனால் லீவு முடிந்தது. மறுநாள் விடியுமுன் அவர் லிஃப்டுக்கு, ராத்திரி அவள் ஆஸ்பத்திரிக்கு.

"விட்டுடலாம்க்கா. டென்ட் போனா போகுது. கடைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

"இத்தனை தூரம் வந்தாச்சு. இன்னைக்கு என்னதான் சொல்றாங்கன்னு பாத்துடறேன்" என்றாள். நான் வேனைக் கிளப்பினேன்.

அரங்கில் எல்லாரும் இருந்தார்கள். டென்ட் இரண்டும் நின்றன. கயிறு பிடித்த எழுத்தர்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி வீட்டுக்குப் போனார்களா என்று நான் கேட்கவில்லை. இயக்குநர் விசிலை ஊதினார்.

"ஒப்பீடுன்னா ஒரே நேரத்துல நடக்கணும். அதனால கணவர் காத்து டென்ட்ல, மனைவி கம்பு டென்ட்ல. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல தனித்தனியாத் தூங்கி எழுந்து கருத்து சொல்லணும்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு டென்ட்டுக்குள் குனிந்து போனார்கள். ஜிப் இழுக்கும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. இயக்குநர் கையைத் தூக்கி, இருவரும் தூங்கத் தொடங்கலாம் என்று அறிவித்தார். இரண்டு பிரிவும் தத்தம் டென்ட் வாசலில் காதை வைத்துக்கொண்டு நின்றன.

பிறகு கம்பு டென்ட்டின் ஜிப் திறந்தது. அக்கா தலையணையோடு வெளியே வந்தாள்.

"தூக்கம் வரலியாம்மா? கம்பு தோத்துடுச்சுன்னு குறிச்சுக்கலாமா?" என்றார் காற்று அம்மையார் ஆசையாக.

அக்கா நடு அரங்கில் நின்றாள். சத்தம் போடவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"நான் முழிச்சிருந்தா அவர் தூங்குறார். அவர் முழிச்சிருந்தா நான் தூங்குறேன். எங்களுக்குக் கல்யாணம் நடந்துதா, காவல் வேலை குடுத்தாங்களான்னே தெரியல. மூணு நாள் கிடைச்சுது. அந்த ஆளு பக்கத்துல ஒருநாள் நானும் தூங்கிப் பாக்கணும்னு வந்தேன். காத்தும் வேணாம், கம்பும் வேணாம். உங்க கருத்தை நீங்களே வச்சுக்குங்க."

அப்படிச் சொல்லிவிட்டுக் காற்று டென்ட்டுக்குள் போய் ஜிப்பை உள்ளிருந்து இழுத்துவிட்டாள். உள்ளே அத்தான் ஏதோ கேட்டார். "தள்ளிப் படுங்க" என்றாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அரங்கம் திகைத்து நின்றது. முதலில் தெளிந்தவர் காற்று அம்மையார். "மனுதாரர் ரெண்டு பேரும் காத்து டென்ட்டைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. பதிவு பண்ணுங்க."

"அந்தம்மா டென்ட்டைத் தேர்ந்தெடுக்கல, புருஷனைத் தேர்ந்தெடுத்துச்சு" என்று கத்தினார் கம்பு அலுவலர்.

இயக்குநர் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "காத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. கம்புன்னு ஒரு கட்டம் இருக்கு. புருஷன்னு கட்டம் இல்லியே" என்றார் கவலையாக.

"எழுப்பிக் கேளுங்க சார்."

"எப்படி எழுப்புறது? ஆள் இருக்கிற டென்ட்டுக்குள்ள முன்னறிவிப்பு இல்லாம வாரியம் நுழையக் கூடாது. நானே போட்ட விதி. டென்ட்டுன்னாலே எனக்குக் கொஞ்சம் பயம். அதனால போட்டேன்."

முன்னறிவிப்பு தயாரிக்க ஆள் போயிற்று. அந்த இடைவெளியில் நடந்தது பற்றி இன்னும் விசாரணை நடக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பு அலுவலர் காற்று டென்ட்டின் பின்பக்கம் போய்க் குனிந்து ஷூ கயிறு கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு. அவர் நிமிர்ந்தபோது டென்ட்டின் பின்மூலையிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

டென்ட் முதலில் ஒரு தோளைச் சாய்த்தது. பிறகு இன்னொன்றை. அப்புறம் மெல்ல மெல்லத் தொய்ந்து உட்கார்ந்து, உள்ளே இருந்தவர்கள் மேல் அப்படியே படிந்தது. நான் ஓடிப்போய் ஜிப்பைத் திறந்து, துணியை அவர்கள் முகத்திலிருந்து கழுத்து வரைக்கும் விலக்கினேன். வாரியத்தின் முன்னறிவிப்பு என்னைக் கட்டுப்படுத்தாது, நான் மச்சினன்.

அவர்கள் எழுந்திருக்கவில்லை. அத்தான் வாய் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா தலையணையை அவரிடம் கொடுத்துவிட்டு அவர் தோளில் தலை வைத்திருந்தாள். அவளும் குறட்டை விடுவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஏரியைச் சுற்றி நடந்து களைத்துப் போகலாம் என்று வந்தார்கள். வாரியத்தைச் சுற்றி நடந்ததில் இருவரும் ஒரே மாதிரி களைத்துப்போய்விட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

முன்னறிவிப்பு வந்தது. எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, அத்தானின் வயிற்றின் மேல் கிடந்த துணியிலேயே ஒட்டினார்கள். அது அவர் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. காற்று அம்மையார் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "இதுல காத்து இல்ல. இது எங்க பிரிவுல வராது." கம்பு அலுவலரும் குனிந்து பார்த்தார். "கம்பும் இல்ல. எங்க பிரிவுலயும் வராது."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்ப மூணாவதா ஒரு பிரிவு வேணும்" என்றார். "துணிப் பிரிவு. ஒரு அலுவலர், நாலு எழுத்தர், ஒரு பன்றி. இப்பவே தீர்மானம் போட்டுடலாம்." எல்லாரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பன்றிப் பணியிடம் நிரந்தரமா என்று உதவியாளர் கேட்டார். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேசத் தொடங்கினார்கள். அக்கா தூக்கத்தில் முகத்தைச் சுளித்தாள்.

வாழ்நாளில் நான் ஒரு அதிகாரியிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. இயக்குநர் பக்கத்தில் போய், அவர் கழுத்திலிருந்த விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, காதோடு சொன்னேன்.

"சார், ஆளுங்க தூங்குறாங்க. கூட்டத்தை வெளியில போய்ப் போடுங்க."

"வெளியிலயா?" என்றார் அவர்.

ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்து பார்த்தார்கள்.

"வெயில் அடிக்குதே தம்பி" என்றார்.